மாமாவின் கறுப்பு ஹம்பரும் வெள்ளைக் கொடிகளும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் ஒரு முழு ஊர் எழுந்து நின்று எனக்கு மரியாதை செய்திருக்கிறது. மாத்தளைக் கடைத்தெரு, ஞாயிறு காலை. கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து கைகட்டி நின்றார்கள். பஸ் சாரதி ஒருவர் பாட்டை நிறுத்தினார். போக்குவரத்துப் பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை எல்லாம் மறித்து எங்களுக்கு வழி விட்டார். நான் கறுப்பு நிற ஹம்பர் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, லேசாகத் தலையை அசைத்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டேன். (தலையை அசைத்ததை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை முகம் வரை இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.) அது யாருக்குச் செய்த மரியாதை என்பது எல்கடுவ மலையில் பாதி ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனால் காருக்கு முன்னால் மாமாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாமா என்றால் என் மாமனார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். நில அளவையாளராக மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு கட்டி, ஓய்வும் பெற்றுவிட்டார். நான் தோட்டத்துப் பையன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து எடை நிறுத்தவர். எப்படியோ படித்து, கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காகி, அதே கச்சேரியில் வேலை பார்த்த செல்வியைக் காதலித்து, கல்யாணமும் செய்துகொண்டேன். செல்வியின் அப்பாதான் மாமா. கல்யாணத்துக்கு வந்தார். சாப்பிட்டார். அதோடு சரி.

அதன் பிறகு அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தாலாவது காலில் விழுந்து சமாளித்திருப்பேன். அவர் கோபிக்கவில்லை. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைப் பெயரும் முறையும் இல்லாத ஒருவராக ஆக்கி, மகள் வழியாகவே எல்லாவற்றையும் நடத்தினார். "அவரிட்டக் கேள், தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டு" என்பார் செல்வியிடம். நான் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். "குடிக்கிறேன் மாமா" என்று நானே சொன்னால், சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர் போலப் பேப்பரைத் திருப்புவார். தேநீர் மட்டும் வந்துவிடும்.

அந்த மனிதர் ஒரு தடவையாவது என்னை மருமகன் என்று சொல்லிவிட வேண்டும். அந்த வயதில் எனக்கு வேறு பெரிய ஆசை இருக்கவில்லை. பதவி உயர்வு கூட அதற்குப் பிறகுதான்.

இனி கார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மாமா வாங்கியது. அளவைக் கருவிகளையும் நீளக் கம்புகளையும் ஏற்றுவதற்கு வசதியாகப் பின்பக்கம் நீண்டு, பின்னால் திறக்கும் கதவும் வைத்த ஹம்பர். கண்ணாடி போலப் பளபளக்கும் கறுப்பு. அதற்குள் செருப்போடு யாரும் ஏற முடியாது. செல்வி சின்ன வயதில் உள்ளே மாம்பழம் சாப்பிட்டதற்காக ஒரு மாதம் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள்.

போர் நின்று, சமாதானப் பேச்சு நடந்து, ஏ-ஒன்பது பாதை யாழ்ப்பாணம் வரை திறந்து, ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. பல் டொக்டர் ஹேரத் ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு அமெரிக்கக் கார் இருந்தது. அது ஸ்டார்ட் ஆனால் கிளினிக்கில் பல் பிடுங்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு வலி மறந்துபோகும். மாமாவும் சேர்ந்தார். என்னிடம் ஒரு சைக்கிள் மட்டும் இருந்தாலும், மூன்று மொழியிலும் கடிதம் எழுதுவேன் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். மாமாவோடு ஒரே சங்கத்தில் இருக்கிறேன் என்ற பெருமையில் நான் சம்பளமில்லாமல் நாயாக உழைத்தேன்.

முதல் பயணத்துக்குத் திட்டம் போட்டோம். பலாபத்வலயில் கூடி, மாத்தளை டவுன் வழியாக எல்கடுவ மலைக்கு ஏறி, ஒரு பழைய பங்களாவில் பகல் சாப்பாடு. அனுமதிக்காகப் பொலிஸுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர். "செக் பொயின்ட் எல்லாம் இன்னும் எடுத்து முடியவில்லை. எல்லா வாகனத்துக்கும் ஒரே அடையாளம் வையுங்கள். பகல் என்றாலும் லைட்டைப் போடுங்கள், மலையில் மூட்டம் இருக்கும். வேகம் வேண்டாம்" என்றார். மூன்றும் நியாயமான யோசனை. மூன்றையும் நான் பக்தியோடு எழுதிக்கொண்டேன்.

அடையாளம் என்றால் கொடி என்று கூட்டத்தில் முடிவானது. என்ன நிறம் என்பதில்தான் தகராறு. சிவப்புக்கு ஒரு கட்சி இருந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் இரண்டு பெரிய கட்சிகள். ஒன்றைக் கட்டினால் மற்றக் கட்சிக்காரன் கல்லெறிவான். கறுப்பு கட்டினால் எதிர்ப்பு ஊர்வலம் என்பார்கள். நான் மஞ்சள் என்றேன். "மஞ்சள் வேண்டாமே" என்று ஹேரத் மெதுவாக என்னிடம் சொன்னார். (புலிக்கொடியில் இருந்த நிறம் அது. ஏன் என்று அந்தக் காலத்தில் மாத்தளையில் எந்தத் தமிழனும் திருப்பிக் கேட்டிருக்க மாட்டான்.) ஒரு நாட்டில் ஒரு துண்டுத் துணிக்கு நிறம் தேடுவது இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எழுந்து நின்றேன். "வெள்ளை" என்றேன். "சமாதானத்தின் நிறம். எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத நிறம்." எல்லாரும் கைதட்டினார்கள். மாமா கூடத் தலையை அசைத்தார். அன்றிரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

கொடிகளைத் தைத்தது செல்வி. மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்துத் தைத்தாள். பாதியில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தாள். "வெள்ளையா? பார்க்க ஒரு மாதிரி இருக்குங்க."

"என்ன மாதிரி?"

"சொல்லத் தெரியல்ல. ஒரு மாதிரி."

"உனக்குச் சமாதானம் பிடிக்காதா?" என்று கேட்டேன். அவள் மறுபடி மெஷினை மிதித்தாள்.

ஞாயிறு காலை பலாபத்வலயில் கூடினோம். வழியில் சிப்பாய்களோடு பேசுவதற்கு வசதியாகச் செயலாளர் போகும் கார் முன்னால் போகட்டும் என்றார் ஹேரத். மாமாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் ஹம்பரை ஓட்டும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வி இல்லாத இடத்தில் என்னோடு எப்படிப் பேசுவார் என்று எனக்கு ஒரே ஆவல். மாமா அதற்கும் வழி வைத்திருந்தார். முன் கண்ணாடியோடு பேசினார். "இரண்டாம் கியரில போனால் நல்லது" என்றார் கண்ணாடியிடம். நான் இரண்டாம் கியருக்கு மாற்றினேன்.

பின்னால், அளவைக் கருவி இருந்த இடத்தில், சங்கத்தின் பகல் சாப்பாடு. டவுனில் பேர்போன கடையில் சமைத்த புரியாணி, ஒரு பெரிய சட்டி நிறைய. கார் அழுக்காகக் கூடாது என்று மாமா அதை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்ட வைத்திருந்தார்.

இப்படியாக, நீளமான கறுப்பு வண்டி ஒன்று முன்னால் போக, அதன் பின்னால் பழைய கார்கள் எல்லாம் வெள்ளைக் கொடி கட்டி, பட்டப்பகலில் லைட் போட்டு, நடக்கிற வேகத்தில் ஊர்ந்து மாத்தளைக்குள் நுழைந்தன. இலங்கையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இதைப் பார்த்தவுடன் என்னவென்று தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் முன்னால் போகிற காரின் பின்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. எனக்கு அதுவும் தெரியவில்லை. எனக்கு முன்னால் வெறும் பாதையும் என் பெருமையும்தான் இருந்தன.

டவுனில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். டவுனைத் தாண்டி மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு செக் பொயின்ட். மற்ற நாட்களில் அங்கே இறங்கி, அடையாள அட்டை காட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று பாதி ஜாதகத்தையே ஒப்பிக்க வேண்டும். அன்றைக்கு இளம் சிப்பாய் ஒருவன் எங்களைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கி, துவக்கை இறக்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றான்.

"பாத்தீங்களா மாமா" என்றேன். "கொடி வேலை செய்யுது."

"யோசனை பரவாயில்லை" என்றார் மாமா, கண்ணாடியிடம். எனக்கு அது போதுமாக இருந்தது. மலையில் ஹம்பர் ஏறியதா நான் பறந்தேனா என்று தெரியவில்லை.

ஒரு தோட்டத்துக்குத் திரும்பும் சந்தியில் பெரிய கூட்டம் நின்றது. தப்பு மேளச் சத்தம் கேட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். டொக்டர் ஹேரத் தன் சிவப்புக் காரிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி, முகமெல்லாம் சிரிப்பாகக் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார். வரவேற்பு என்று நினைத்துவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் நான் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்தவன். கல்யாணத்துக்கு என்ன அடி, திருவிழாவுக்கு என்ன அடி என்று எனக்குத் தெரியும். இது சாவுக்கு அடிக்கிற அடி.

கொடி, லைட், வேகம், கறுப்பு வண்டி, கடைத்தெரு, சிப்பாயின் தொப்பி எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. எங்கள் நாட்டில் பிரேத வண்டி இப்படித்தான் போகும். நான் பிரேக்கை மிதிப்பதற்குள் கூட்டம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. பெண்கள் பொனட் மேல் விழுந்து அழுதார்கள். "எங்கள விட்டுட்டுப் போயிட்டியே லெட்சுமி" என்று ஒரு குரல் ஜன்னலுக்குள் வந்தது.

ஒல்லியாக, உயரமாக ஒருவர் தோளில் துண்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கருப்பையா. அவருடைய மனைவிதான் லெட்சுமி. கண்டி ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தார். பிரேதங்களை ஏற்றும் மலர்ச்சாலை வான் வண்டியில் மகன் உடலைக் கொண்டுவருவான் என்று தோட்டமே காலையிலிருந்து சந்தியில் காத்திருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்த விவரம். அப்போது அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய புரியாணிச் சட்டி இருந்தது.

வாசனை வெளியே வந்தது. தப்பு ஒவ்வொன்றாக நின்றது. அழுகை நின்றது. அவர் துணியை மெதுவாக விலக்கிப் பார்த்தார். பிறகு பழையபடி மூடினார். நான் இறங்கிப் பக்கத்தில் போய் நின்றேன். கோபத்தில் அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஐயா" என்றார் என்னிடம். "எம் பொஞ்சாதி எங்கங்க?"

"நாங்க வேற ஆளுங்க. கார் ஓட்டிப் பாக்க வந்தோம். கொடிய தெரியாமக் கட்டிட்டோம்" என்று ஏதோ உளறினேன். அவர் புரிந்துகொள்ள முயற்சி செய்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஓட்டிப் பார்ப்பதற்காக மனிதர்கள் மலை ஏறி வருவார்கள் என்பதே அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பட்ட வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமா இறங்கி வந்தார். "வான் எத்தினை மணிக்குக் கண்டியில வெளிக்கிட்டது?" என்று கருப்பையாவிடம் கேட்டார். விடியக்காலையில் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மாமா கீழே மலைப்பாதையைப் பார்த்தார். "எங்களுக்குப் பின்னால வந்திருக்கு. செக் பொயின்டில மறிச்சிருப்பாங்கள்."

அப்படியேதான் ஆகியிருந்தது. புரியாணியைச் சந்தியில் இறக்கி, மற்றக் கார்களையும் அங்கேயே விட்டுவிட்டு, ஹம்பரில் நாங்களும் ஹேரத்தும் கருப்பையாவுமாகக் கீழே போனோம். தடுப்புக்குப் பக்கத்தில் வான் நின்றது. அதற்குக் கொடியும் இல்லை, கூட வாகனமும் இல்லை. மகன் வீதியோரத்தில் குந்தியிருந்தான். வானுக்குள் பெட்டி தனியாக இருந்தது. சிப்பாய் பாவம் என்ன செய்வான். சவ ஊர்வலம் இப்போதுதான் மேலே போனது. அதன் பின்னால் தனியாக இன்னொரு பெட்டி வந்தால் அவனுக்குச் சந்தேகம் வராதா. போலிச் சாவை வணங்கி அனுப்பிவிட்டு உண்மைச் சாவை மறித்து வைத்திருந்தான். அதற்கு ஏற்பாடு செய்தவன் நான்.

ஹேரத் சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். சிப்பாய்க்கு இருபது வயது கூட இருக்காது. எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "அப்படியென்றால் நான் யாருக்கு ஐயா தொப்பியைக் கழற்றினேன்?" என்று கேட்டான். டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெட்டியைக் கொண்டுபோகலாம் என்றார்கள். ஆனால் வான் சாரதியின் அடையாள அட்டையில் ஏதோ சந்தேகம் இருந்தது. பின்நேரம் மேலதிகாரி வரும் வரை வான் நகரக் கூடாது. கருப்பையா சூரியனைப் பார்த்தார். மலையில் இருட்டுவதற்குள் அடக்கம் பண்ண வேண்டும். தூக்கிக்கொண்டே நடந்துவிடலாம் என்று மகனிடம் சொன்னார்.

"தம்பி, பின் சீற்றை மடிச்சு விடும்."

சொன்னது மாமா. சுற்றிலும் பார்த்தேன். கருப்பையாவின் மகனிடம் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை அல்ல. நான் ஓடிப்போய் மடித்தேன். அவசரத்தில் விரல் நசுங்கியது, அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சேற்றுக் காலோடு அப்பனும் மகனும் பெட்டியை ஏற்றினார்கள். மகன் பக்கத்தில் ஏறிக் குந்திக்கொள்ளும் முன்னால் செருப்பைக் கழற்றப் போனான். "போட்டுக்கொண்டே இரும்" என்றார் மாமா. கருப்பையாவைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். ஹேரத் வானுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார், சாரதிக்குச் சாட்சி சொல்ல.

அதே சிப்பாய் மறுபடி தடுப்பைத் தூக்கினான். மறுபடி தொப்பியைக் கழற்றினான். நான் பதற்றத்தில் கொஞ்சம் அழுத்தி மிதித்துவிட்டேன்.

"மெதுவாப் போம். இப்பதான் மெதுவாப் போக வேணும்" என்றார் மாமா.

சந்தியிலிருந்து தோட்டத்து மயானம் வரை தப்பு முன்னால் போக, ஹம்பர் போக, பின்னால் சங்கத்துக் கார்கள் எல்லாம் அதே கொடிகளோடு, அதே லைட்டுகளோடு வந்தன. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, வந்தார்கள். தொப்பியும் வெயில் கண்ணாடியுமாகக் பயணத்துக்கென்றே கொழும்பிலிருந்து காரோடு வந்திருந்த ஒருவர் தேயிலை மலையில் வழுக்கி வழுக்கி நடந்து ஒரு பிடி மண் போட்டார். (புரியாணியைப் பற்றிக் கேட்பீர்கள். திரும்பி வந்து பார்த்தபோது சட்டி காலியாகக் கழுவி வைத்திருந்தது. சங்கத்தில் யார் யார் மயானம் வரை வரவில்லை என்று நான் இன்று வரை விசாரிக்கவில்லை.)

எல்லாம் முடிந்த பிறகு கருப்பையா மாமாவிடம் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அவ உசிரோட இருந்த மட்டும் காருல ஏறினதே இல்லீங்க. கொழுந்து லொறியிலதான் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம். இன்னைக்கு இத்தன காரோட வந்தா. தொரைக்குக்கூட இப்புடி நடக்கல்லீங்க." காரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் இதே காருதாங்க வேணும்."

மாமா யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன" என்றார். "நான் இல்லாட்டிலும் என்ர மருமகன் கொண்டு வருவார்."

நான் நாலடி தள்ளிச் சேற்றில் நின்றிருந்தேன். அந்தச் சொல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் பிரேத வண்டிச் சாரதியாகத்தான் அது கிடைத்தது. மயானத்தில் நின்றுகொண்டு சிரிக்கக் கூடாது என்பதால் அழுதேன். பக்கத்தில் நின்றவர்கள் லெட்சுமிக்குச் சொந்தம் என்று நினைத்து எனக்கும் ஆறுதல் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் மாமா பழையபடி செல்வியைத்தான் கூப்பிட்டார். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. "மருமகனிட்டக் கேள், தேத்தண்ணி குடிக்கிறாரோ எண்டு" என்றார். அதற்கு மேல் அவர் மாறவில்லை. நானும் கேட்கவில்லை.

மாமா போய்ப் பல வருடமாகிவிட்டது. ஹம்பர் என்னிடம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து விலை கேட்பார்கள். "விக்க ஏலாது, அது ஒருத்தருக்குச் சொல்லி வச்ச கார்" என்பாள் செல்வி உள்ளே இருந்து. எங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், "அவருக்கு இன்னும் நாள் இருக்கு போல" என்பான் மூத்தவன்.

ஒவ்வொரு வருடமும் மாத்தளைக் கோவில் தேர்த் திருவிழாவுக்கு மலையிலிருந்து இறங்கும்போது கருப்பையா எங்கள் வீட்டுக்கு வருவார். தேநீர் குடிப்பார். பிறகு கராஜுக்குப் போய்ப் பின் கதவைத் திறந்து, உள்ளே நீளத்தைக் கண்ணால் அளப்பார். "லெட்சுமி குள்ளம். எனக்குக் காலு முட்டுமோங்க?" என்று கேட்பார். முட்டாது என்பேன். "நான் நல்லாத்தான் இருக்கேன். அவசரமில்லீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்துவார்.

போன தேருக்கும் வந்தார். தொண்ணூறைத் தாண்டியிருப்பார், என்னைவிட நேராக நடக்கிறார். எனக்கு அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் நெஞ்சில் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு, அந்த வருடம் முதல் தடவையாகக் காரை விட்டுவிட்டு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"காரு இருக்குமுங்க" என்றார். "நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க, தம்பி."